ஏதென்ஸ் ஆந்தைக் காசு: வெட்டு இருப்பதால் அசலாகிவிடுமா?

கொற்கைத்துறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் சரக்குக் கப்பல்களில் பொறியாளராக இருந்தவர். 1980-களில் கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது ஒருவரிடம் வாங்கியதாகச் சொல்லி, ஒரு வெள்ளிக் காசைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அவர் காலமான பின் அது என் பொறுப்பில் இருக்கிறது.

ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த பெண்ணின் முகம், வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. மறுபக்கம் ஆந்தை, அது நம்மை நேராகப் பார்க்கிறது. ஆந்தைக்குப் பின்னால் இரண்டு இலைகளும் ஒரு சிறு பிறையும், முன்னால் மூன்று எழுத்துகளும் இருக்கின்றன. ஆந்தையின் மார்பில் உளியால் கொத்தியதுபோல ஆழமான வெட்டு. குறுக்களவு 23.5 மில்லிமீட்டர், எடை 15.82 கிராம், நிறம் கருஞ்சாம்பல்.

பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் காட்டினோம். “போலி செய்கிறவன் தன் காசைத் தானே வெட்டிக் கெடுப்பானா? இந்த வெட்டே போதும், அசல்தான்” என்றார். கொழுந்தனார் விற்றுவிடலாம் என்கிறார். எனக்கோ விலையைவிட, மாமனார் இத்தனை காலம் நம்பிப் பாதுகாத்தது என்ன என்று தெரிந்தாக வேண்டும். இரு பக்கங்களின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

சேரநாட்டுக்காசு எழுதியது:

வாழ்த்துகள், சகோதரி! இது பழைய ஏதென்ஸ் நகரத்தின் நான்கு திராக்மா காசு (திராக்மா என்பது அன்றைய கிரேக்கப் பண அலகு). தலைப்பக்கம் அத்தீனா தெய்வம், மறுபக்கம் அவளுடைய ஆந்தை. கிரேக்க நாடு வெளியிடும் 1 யூரோ நாணயத்தில் இருக்கும் ஆந்தையும் இதே காசிலிருந்து எடுக்கப்பட்டதுதான். பழம்பொருள்காரர் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. அந்தக் காலத்தில் வெள்ளி உள்ளே வரை போகிறதா என்று பார்க்க வணிகர்கள் காசை உளியால் வெட்டிப் பார்ப்பார்கள். எகிப்து, சிரியா பக்கம் கிடைத்த ஆந்தைக் காசுகளில் இப்படி வெட்டு விழுந்தவை ஏராளம். 2,400 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு வணிகன் சந்தேகப்பட்ட அடையாளம் அது. விற்றுவிடாதீர்கள்.

வண்ணக்கன் எழுதியது:

கொற்கைத்துறை அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். காசைத் துலக்காதீர்கள். திருநீறு, புளி, பற்பசை எதுவும் அதன் மேல் படக் கூடாது. அந்தக் கருஞ்சாம்பல் படலம் நமக்குச் சாட்சி. அதைத் தேய்த்துவிட்டால் பாதிக் கேள்விகளைக் கேட்கவே முடியாது.

இது எந்தக் காசின் உருவத்தில் இருக்கிறது என்பதை முதலில் முடித்துவிடலாம். அதில் சிக்கல் இல்லை. அத்தீனாவின் கவசத்தில் நெற்றிக்கு மேலே மூன்று ஒலிவ இலைகள் தெரிகின்றன. அவை பாரசீகப் போர்களுக்குப் பிறகு வந்தவை. முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் மட்டும் நேரே பார்ப்பதுபோல முழுதாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் இந்தக் கண்ணும் பக்கவாட்டுக் கண்ணாக மாறிவிடுகிறது. ஆகவே மாதிரி ஐந்தாம் நூற்றாண்டுக்கு உரியது. கி.மு. 454-இல் டெலோஸ் தீவில் இருந்த, தன் தலைமையிலான கிரேக்க நகரங்களின் கூட்டணிக் கருவூலத்தை ஏதென்ஸ் தன் நகருக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்கும் வரை இந்தக் காசு பெருமளவில் அடிக்கப்பட்டது. உங்களுடையது அந்த வரிசையின் உருவம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அகன்ற, மெல்லிய புதுவகை ஆந்தைகள் வந்தன. அவற்றில் ஆந்தை ஒரு சாடியின் மேல் நிற்கும், சுற்றிலும் இலைமாலை இருக்கும். அது இதுவல்ல.

எழுத்துகளையும் பார்த்தேன். ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான். தீட்டா வட்டமும் நடுவே புள்ளியுமாக இருக்கிறது, சரி. ஏதென்ஸ் கி.மு. 403-இல் அரசு ஆவணங்களுக்கு அயோனிய எழுத்துமுறையை ஏற்ற பின்பும் காசில் பழைய எழுத்தையே விடாமல் வைத்திருந்தது. உலகச் சந்தை முழுவதும் நம்பும் முகத்தை மாற்ற அவர்களுக்கு மனமில்லை.

ஆனால் உருவம் சரியாக இருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. அசல் காசிலிருந்து நகல் எடுத்தவனுக்கும் உருவம் சரியாகத்தான் வரும். படத்தைப் பார்த்துக் காசை நம்புவது தொடக்க நிலைச் சேகரிப்பாளர்கள் அனைவரும் செய்வது. உலோகம் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்று கேட்க வேண்டும். அடித்து வந்ததா, உருக்கி ஊற்றி வந்ததா?

என்னை உறுத்துவது எடை. ஏதென்ஸின் நான்கு திராக்மா ஏறத்தாழ 17.2 கிராம். நல்ல நிலையில் இருப்பவை பெரும்பாலும் 17-க்குக் கீழே இறங்குவதில்லை. மண்ணில் அரிக்கப்பட்டவையும் கையில் தேய்ந்தவையும் குறையும், உண்மை. உங்கள் காசில் ஆந்தையின் இறகுப் புள்ளிகள்கூடத் தேயவில்லை. தேயாத காசு 1.4 கிராமை எங்கே விட்டது? நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவு, சிறிய குறைவு அல்ல.

மூன்று காரியங்கள் செய்யுங்கள். விளிம்பைச் சுற்றிலும் படம் எடுங்கள். வெட்டின் உள்ளே தெரியும்படி, பக்கவாட்டு வெளிச்சத்தில், எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் படம் எடுங்கள். பிறகு ஒப்படர்த்தி (அதே கன அளவுள்ள தண்ணீரைவிட எத்தனை மடங்கு எடை என்பது) பாருங்கள்: நகைத் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் 15.82-ஐ வகுங்கள். தூய வெள்ளி 10.5, செம்பு 8.96, ஈயம் 11.3. விடை 9-ஐ ஒட்டி வந்தால் உள்ளே செம்பு இருக்கிறது என்று பொருள்.

ம்யூனிக்_தமிழன் எழுதியது:

வெட்டைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். என்னிடம் வெட்டு விழுந்த ஆந்தை ஒன்று இருக்கிறது. வெட்டு இருப்பதாலேயே ஏலத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்த காசும் அதுதான்.

ஏதென்ஸிலேயே இதற்கு ஒரு சட்டம் இருந்தது. 1970-இல் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவில் அகழாய்வு செய்தவர்களுக்கு ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 375/374-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, நிக்கோஃபோன் என்பவர் முன்மொழிந்த சட்டம். அரசுக்குச் சொந்தமான அடிமை ஒருவர் வண்ணக்கராக, அதாவது காசைச் சோதிப்பவராக, நாள்தோறும் காசுக்கடை மேசைகளின் நடுவே உட்கார வேண்டும். பிரேயஸ் துறைமுகத்திலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும். யாராவது வெள்ளிக் காசைக் கொண்டுவந்தால் அவர் சோதிப்பார். அதே முத்திரையோடு வெளிநாட்டில் அடித்த காசு, ஆனால் வெள்ளி நல்ல வெள்ளி என்றால், கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். உள்ளே வெண்கலமோ ஈயமோ இருந்தால் அந்த இடத்திலேயே வெட்டிப்போட்டு, தேவர்களின் அன்னைக்கு உரியதாக்கி, ஆட்சிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர் நல்லது என்று சொன்ன காசை வாங்க மறுக்கும் வணிகர் அன்று விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கை இழப்பார். வண்ணக்கர் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் அவருக்கு 50 கசையடி.

கல்வெட்டில் இதைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு வெட்டையும் நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். நல்ல வெள்ளி, நல்ல வெள்ளிப் பாவனை, வெள்ளித்தகடு போர்த்திய செம்பு என்று மூன்றையும் பிரித்து அறிய வேண்டிய தொல்லை அன்றைய ஏதென்ஸுக்கே இருந்திருக்கிறது.

என் காசில் உள்ள வெட்டு இப்படி இருக்கிறது: உளி இறங்கிய இடத்தில் உலோகம் இருபுறமும் ஒதுங்கி, வாய் ஓரத்தில் மெல்லிய மேடாக எழும்பி நிற்கிறது. உள்ளே போகப்போகக் குறுகி, அடியில் கூர்மையான கோடாக முடிகிறது. சுவர்களில் உளி உரசிய நேர்கீறல்கள் தெரிகின்றன. காசைத் திருப்பிப் பார்த்தால், வெட்டுக்கு நேர் பின்னால் அத்தீனாவின் கன்னம் லேசாகத் தட்டையாகியிருக்கிறது. வெட்டும்போது அந்தப் பக்கம் கல்லின் மேலோ இரும்பின் மேலோ இருந்திருக்குமே, அந்த அடியின் தடம். அம்மா, உங்கள் காசிலும் வெட்டுக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கொற்கைத்துறை எழுதியது:

வண்ணக்கன் ஐயா சொன்னபடி செய்தேன். தண்ணீரில் தராசு 1.54 காட்டியது. 15.82-ஐ வகுத்தால் 10.27 வருகிறது. செம்பு இல்லை, வெள்ளிதான்! படங்களையும் இணைத்திருக்கிறேன். வெட்டுக்குப் பின்பக்கம் அத்தீனாவின் கன்னம் வழவழப்பாக, முழுதாக இருக்கிறது, எந்தத் தட்டையும் தெரியவில்லை. விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் கோடுகோடாக இருக்கிறது, மற்ற இடம் உருண்டையாக இருக்கிறது.

சேரநாட்டுக்காசு எழுதியது:

10.27! இனி என்ன சந்தேகம்? உள்ளே வரை வெள்ளி. எடைக் குறைவுக்கும் ஒரு வழி உண்டு. ஏதென்ஸ் ஆந்தையைப் பார்த்து எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் அரேபியாவிலும் பாவனைக் காசுகள் அடித்தார்கள். அப்படி ஒன்றாக இருக்கலாமே? அதுவும் பழங்காசுதானே. எழுத்தும் உருவமும் சரியாக இருக்கும்போது நாம் ஏன் இவ்வளவு தயங்க வேண்டும்?

பட்டறைக்காரர் எழுதியது:

இந்தக் குழுவில் நான் பெரும்பாலும் படிப்பவன் மட்டுமே. கிரேக்க வரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் தலைமுறையாக வெள்ளி வேலை செய்கிற குடும்பம், இப்போது கோயம்புத்தூரில் வார்ப்பு வேலை பார்க்கிறேன். இந்தப் படங்களைப் பார்த்ததும் கை தானாக எழுத வந்துவிட்டது.

அம்மா, இது அடித்த காசு இல்லை. ஊற்றிய காசு.

விளிம்பில் கோடுகோடாக இருக்கிறது என்றீர்களே, அது அரம் ராவிய தடம். எங்கள் பட்டறையில் ஒரு பொருளை வார்த்தால் உருகிய வெள்ளி உள்ளே போவதற்கு ஒரு கால் இருக்கும். வார்த்து முடித்ததும் காலை வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவி மட்டமாக்குவோம். ஒரே இடத்தில் மட்டும், சுண்டுவிரல் நக அளவுக்கு, ஒரே திசையில் கோடுகள் இருக்கின்றன. அங்கேதான் கால் இருந்திருக்கிறது.

இரண்டாவது படத்தில் ஆந்தையின் கால்களுக்கு நடுவிலும், எழுத்தின் உள்மூலையிலும் கடுகைவிடச் சிறிய உருண்டை மணிகள் நிற்கின்றன பாருங்கள். மெழுகு உருவைச் சுற்றிப் பிளாஸ்டர் கலவையை ஊற்றும்போது காற்றுக் குமிழி மெழுகோடு ஒட்டிக்கொண்டால், அந்தக் குமிழி இருந்த இடம் குழியாகிவிடும். பிறகு வெள்ளியை ஊற்றும்போது அந்தக் குழியும் நிரம்பி மணியாக நின்றுவிடும். கலவையைக் காற்று நீக்கி ஊற்றாத அவசர வேலையில் இது எப்போதும் நடக்கும். சுத்தியால் அடித்த பொருளில் இப்படி மணி எழும்ப வழியே இல்லை. அடித்தால் உலோகம் நசுங்கும், பரவும்; குமிழிபோல உருண்டு எழும்பாது.

எடை குறைந்ததற்கும் எனக்குக் காரணம் தெரிகிறது. அசல் காசை வைத்து ரப்பர் அச்சு எடுப்பார்கள். ரப்பர் கொஞ்சம் சுருங்கும், அதில் ஊற்றிய மெழுகு கொஞ்சம் சுருங்கும், கடைசியில் வெள்ளியும் ஆறும்போது சுருங்கும். குறுக்களவில் நூற்றுக்கு இரண்டு குறைந்தால் போதும். அகலம், நீளம், கனம் மூன்றிலும் அதே அளவு குறைவதால் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ ஆறு போய்விடும். மோதிரம் வார்க்கிற எவரையும் கேளுங்கள், இதற்காகவே மூல உருவைச் சற்றுப் பெரிதாகச் செய்வோம். காசை நகல் எடுக்கிறவனால் மூலத்தைப் பெரிதாக்க முடியாது.

10.27 என்பது 92.5 வெள்ளியிலும் வரும். அருகில் இருக்கும் நகைக்கடையில் உலோகக் கலவையை அளக்கும் காரட் மீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். உரசத் தேவையில்லை, காசுக்கு ஒன்றும் ஆகாது.

வண்ணக்கன் எழுதியது:

பட்டறைக்காரர் ஐயாவுக்கு என் வணக்கம். நாணயவியல் புத்தகங்கள் ‘வார்ப்பு அடையாளம்’ என்று ஒரு வரியில் கடந்துபோவதை, கையால் செய்தவர் விளக்கும்போதுதான் முழுதாகப் புரிகிறது. இதை நம் குழு நிலையான பதிவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அசல் எப்படி உருவானது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏதென்ஸ் பட்டறையில் சரியான எடையில் வார்த்த வெள்ளித் துண்டைச் சூடாக்கி, கீழே பட்டடையில் பதித்த அத்தீனா அச்சின் மேல் வைத்தார்கள். மேலே ஆந்தை செதுக்கிய அச்சுக்கோலை வைத்துச் சுத்தியால் அடித்தார்கள். அந்தக் கோலின் முனை சதுரம். அதனால்தான் ஆந்தை ஒரு சதுரப் பள்ளத்துக்குள் நிற்கிறது. அடி விழுந்ததும் வெள்ளி நடுவிலிருந்து வெளியே ஓடுகிறது. அப்பளம் இடும்போது மாவின் ஓரம் வெடிப்பதுபோல விளிம்பில் வெடிப்பு விழுகிறது. எழுத்துகளின் அடியிலும் விளிம்பை நோக்கியும் மெல்லிய ஓட்டக் கோடுகள் தெரிகின்றன. உருவம் தளத்தைத் தொடும் இடம் கத்தி வைத்ததுபோல் சட்டென்று எழும்புகிறது. இந்தக் காசில் அந்த இடங்கள் எல்லாம் மழுங்கி, குழைந்து இருக்கின்றன. உயரமான இடம் தேயவே இல்லை. ஆனால் தேய வாய்ப்பில்லாத பள்ளங்களில் கூர்மை இல்லை. உண்மையான தேய்மானம் மேட்டில் தொடங்கும், பள்ளத்தில் அல்ல.

இனி அந்த வெட்டு. நான் மிகவும் கவனித்துப் பார்த்தது அதைத்தான். ம்யூனிக் நண்பர் தம் காசில் சொன்ன எதுவும் இதில் இல்லை. வாய் ஓரத்தில் மேடு இல்லை, அடி கூர்மையாக முடியாமல் வளைந்த வாய்க்காலாக இருக்கிறது. சுவரில் உளிக் கீறல் இல்லை. தளத்தில் இருக்கும் அதே பொரிப்பொரித் தோல் வெட்டின் உள்ளேயும் இருக்கிறது. பின்பக்கம் தட்டையாகவும் இல்லை. இந்த வெள்ளியின் மேல் உளி விழவே இல்லை. வெட்டு விழுந்த அசல் காசு வேறு எங்கோ இருக்கிறது. இந்த வெட்டு அதன் முகத்தோடும் எழுத்தோடும் சேர்த்து நகலெடுக்கப்பட்ட வெட்டு.

“போலி செய்கிறவன் தன் காசைக் கெடுப்பானா” என்ற கேள்விக்கு இதுதான் விடை. அவன் கெடுக்கவே தேவையில்லை, மலிவாகக் கிடைத்த வெட்டுப்பட்ட அசலை மூலமாக வைத்துக்கொண்டால் போதும். அதோடு, போலி செய்கிறவர்கள் தம் காசைக் கெடுக்கத் தயங்கியதும் இல்லை. 1772 முதல் 1830 வரை வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் கிரேக்க, ரோமானியக் காசுகளுக்குத் தாமே அச்சு வெட்டி அடித்தார். புதுக் காசின் பளபளப்பைப் போக்க, இரும்புத்தூள் நிரப்பிய பெட்டியில் அவற்றைப் போட்டுத் தம் வண்டியில் கட்டிக் குலுங்கக் குலுங்க ஓட்டிச் சென்றதாக அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அவர் அச்சுகள் பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. பெக்கர் அடித்தவை என்பதால் அவற்றில் வார்ப்பு அடையாளம் தேடினால் கிடைக்காது. அவரைப் பிடிக்க அச்சுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

சேரநாட்டுக்காசு நண்பரே, பாவனைக் காசு என்ற உங்கள் யோசனை மதிக்கத்தக்கது. நிக்கோஃபோன் சட்டமே அப்படிப்பட்ட நல்ல வெள்ளிக் காசுகளைத் தனியாகக் குறிப்பிடுகிறது என்று மேலே பார்த்தோம். ஆனால் எகிப்தில் அடித்தவையும் அடித்தவைதான். அவற்றின் உருவத்தில் கை வேறுபடும். கண் பெரிதாகும், ஆந்தை பருக்கும், எழுத்து கோணும். இந்தக் காசின் உருவம் ஏதென்ஸ் அச்சின் உருவம், செய்முறை மட்டும் வார்ப்பு. இந்த இரண்டும் சேர்ந்து நிற்பதற்கு நகல் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

ம்யூனிக்_தமிழன் எழுதியது:

இரட்டைப் பிறவி கிடைத்துவிட்டது.

சேகரிப்பாளர்கள் தொகுத்து வைத்திருக்கும் போலிக் காசுகளின் படங்களை வரிசையாகப் பார்த்தேன். அம்மாவின் காசின் அதே முகம், அதே ஆந்தை. அது மட்டும் என்றால் ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசுகள் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காசிலும் அதே இடத்தில், அதே சாய்வில், அதே நீளத்தில் வெட்டு இருக்கிறது. அத்தீனாவின் மூக்குக்கு நேரே விளிம்பில் அதே வெடிப்பு. கவசத்தின் உச்சி அதே அளவுக்குக் காசுக்கு வெளியே போயிருக்கிறது.

ஒரே அச்சில் அடித்த காசுகள் அச்சில் இருப்பதை மட்டுமே பங்கிட்டுக்கொள்ளும். அச்சில் ஏற்பட்ட விரிசல்கூட இரண்டிலும் வரலாம். ஆனால் வெள்ளித் துண்டு அச்சின் மேல் எங்கே விலகி உட்கார்ந்தது, எந்த ஓரம் வெடித்தது, பிறகு எந்தச் சந்தையில் எவர் வெட்டினார் என்பவை ஒவ்வொரு காசுக்கும் தனித்தனி. இவை இரண்டு காசுகளில் ஒத்துப்போகவே முடியாது. ஒத்துப்போனால் குறைந்தது ஒன்று நகல், பெரும்பாலும் இரண்டுமே.

இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இணைத்திருக்கிறேன். பாருங்கள்.

சேரநாட்டுக்காசு எழுதியது:

பார்த்தேன். வெடிப்பு ஒத்துப்போவதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மனதில் நிற்கிறது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிரேக்கக் காசுகள் கிடைத்ததாகப் படித்திருக்கிறேன். நம் ஊரில் ஒருவர் கையில் இப்படி ஒன்று வந்தால், அதை எடுத்த எடுப்பிலேயே போலி என்று தள்ளிவிடக் கூடாது அல்லவா?

வண்ணக்கன் எழுதியது:

தள்ளிவிடக் கூடாது, உண்மை. கரூரில் கிடைத்த செலூக்கிய, ஃபினீசியக் காசுகளையும் ரோட்ஸ், கிரீட் முதலிய கிரேக்கப் பகுதிகளின் காசுகளையும் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார். தமிழக நாணயவியலுக்கு அது பெரிய கொடை. நம் மண்ணில் எதுவுமே வராது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் கிடைத்த இடத்தைப் பற்றிய கதையைக் காசின் மேல் ஏற்றிவிடக் கூடாது. விற்கிறவர் “ஆற்றில் எடுத்தது” என்று சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. அம்மாவின் காசு பிரேயஸில் வாங்கியது என்பது முழு உண்மையாக இருக்கலாம். துறைமுகத்தில் இறங்கும் மாலுமிகளுக்கு நகலை விற்பது எளிது. இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், பலர் இதைக் கவனிப்பதில்லை. நம் நாட்டில் மண்ணிலிருந்து எடுத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆற்றங்கரையில் காசு வாங்குகிறவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். வாங்காமல் இருப்பது அதைவிட நல்லது.

கொற்கைத்துறை எழுதியது:

காரட் மீட்டரில் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளி 92.4, மீதி செம்பு. பட்டறைக்காரர் ஐயா சொன்னபடியே வந்துவிட்டது.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மாமனார் இதைக் காட்டும்போது கைக்குட்டையில் வைத்துத்தான் காட்டுவார். ஆனால் ஏன் போலி என்று எனக்கே கண்ணால் பார்க்கத் தெரிந்திருக்கிறது. இப்போது படத்தைப் பெரிதாக்கினால் அந்த மணிகள்தான் முதலில் தெரிகின்றன. கொழுந்தனாருக்கும் காட்டினேன். பழம்பொருள்காரர் இன்னும் வாங்கிக்கொள்ளத் தயார் என்கிறாராம். கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

வண்ணக்கன் எழுதியது:

92.4 என்பது நகை, பாத்திர வெள்ளியின் கலவை. லாவ்ரியோன் சுரங்கத்து ஈயக் கனிமத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளியைத்தான் ஏதென்ஸ் பயன்படுத்தியது. அது மிகவும் தூயது, கூடவே சிறிதளவு ஈயம் தங்கியிருக்கும். மண்ணில் கிடந்த பழங்காசின் மேற்பரப்பிலிருந்து செம்பு வெளியேறிவிடுவதால், மேலே வைத்துப் பார்க்கும் கருவி உள்ளே இருப்பதைவிட அதிக வெள்ளியைத்தான் காட்டும். இங்கே மேற்பரப்பிலேயே ஏழரைப் பங்கு செம்பு. தனியாக இந்த ஒரு சோதனை முடிவு சொல்லாது. மற்றவற்றோடு சேர்ந்து கதவை மூடிவிடுகிறது.

கொடுக்காதீர்கள், அம்மா. அவர் இதை நகல் என்று சொல்லி விற்க மாட்டார், வெட்டைக் காட்டி அசல் என்றுதான் விற்பார். அடுத்து வாங்குகிறவர் ஒரு மாணவராக இருக்கலாம், தம் சேமிப்பைக் கொடுத்திருக்கலாம். உருக்கவும் வேண்டாம். ஒரு சிறு உறையில் போட்டு, “ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸ் நான்கு திராக்மாவின் வார்ப்பு நகல், 15.82 கிராம், பிரேயஸில் வாங்கியது” என்று எழுதி, மாமனார் பெயரையும் சேர்த்து வையுங்கள். காசு கைமாறினாலும் எழுதியது கூடவே போக வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் ரெடி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்முலாம் முறையில் செய்த நகல்களின் விளிம்பில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். எவரையும் ஏமாற்றாத நகல்கள் அவை. இன்று அவற்றையே தேடிச் சேகரிக்கிறார்கள்.

உங்களுக்கு விருப்பம் இருந்தால் அந்த வெட்டின் படத்தையும் விளிம்பின் படத்தையும் போலித் தொகுப்பில் சேர்க்க அனுமதி தாருங்கள். இதே மூலத்திலிருந்து இன்னும் எத்தனை ஊற்றினார்களோ தெரியாது. மூன்றாவது ஒன்று எவர் கையிலாவது வந்தால் அவர் தேடும்போது கிடைக்கும்.

கொற்கைத்துறை எழுதியது:

தாராளமாகச் சேருங்கள், ஐயா. எடையும் அளவும்கூடப் போடுங்கள். உறை எழுதியாகிவிட்டது, கொழுந்தனாரும் சம்மதித்துவிட்டார்.

புதிய_சேகரிப்பாளன் எழுதியது:

இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன். என்னிடம் அலெக்சாண்டர் காசு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்திய தலை, மறுபக்கம் அரியணையில் கழுகோடு ஒருவர். 17.05 கிராம். அசலா?

வண்ணக்கன் எழுதியது:

தலை ஹெராக்ளீஸ், அரியணையில் இருப்பவர் சியுஸ். எடை மாதிரிக்குப் பொருந்துகிறது, அதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. இந்த வகையை அலெக்சாண்டர் இறந்த பின்பும் பல நகரங்கள் நெடுங்காலம் அடித்தன. சியுஸின் கால்கள் இணையாக இருக்கின்றனவா, ஒன்றன் பின் ஒன்று மடங்கியிருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். மடங்கிய கால்கள் பெரும்பாலும் பிற்பட்டவை. அரியணைக்குக் கீழேயும் சியுஸின் முன்னாலும் இருக்கும் சிறு குறிகள் எந்தப் பட்டறை என்று சொல்லும், அவற்றைத் தனியாகப் படம் எடுங்கள். புதிய இழை தொடங்கி, இரு பக்கங்களோடு விளிம்பையும் சுற்றிலும் படம் எடுத்துப் போடுங்கள். பட்டறைக்காரர் ஐயாவும் வந்து பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரர் எழுதியது:

வருகிறேன். விளிம்பைப் படம் எடுக்கும்போது விளக்கைப் பக்கத்திலிருந்து பிடியுங்கள், தம்பி. நேர் வெளிச்சத்தில் அரத் தடம் மறைந்துவிடும்.